பிரிட்டிஷ் ஃபார்ஸ் நாடகத்தைத் தமிழில் படமாக்க: உரிமை வாங்கும் வழி, படிப்படியாக

மூடித் திறக்கும் நாலு கதவுகள், ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய்கள். லண்டன் மேடையில் நூறாண்டுக்கும் மேலாக ஃபார்ஸ் எனப்படும் குழப்ப நகைச்சுவை நாடகங்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நிறைய நாடகங்கள் படங்களாகவும் வந்துவிட்டன. ஆள்மாறாட்டமும் அவசர ஓட்டமும் தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் பிடித்தவை என்பதால், ‘இதைத் தமிழில் எடுக்கலாமே’ என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. எண்ணம் வந்த பிறகு யாரைக் கேட்பது, என்ன கொடுப்பது, எத்தனை மாதம் காத்திருப்பது என்று சொல்ல ஆளில்லை. ஒரு நாடகத்தின் பட உரிமையைத் தேடி நான் பட்ட அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிறிய படம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓ.டி.டி. தளத்துக்கு விற்கும் நாளில் முதலில் கேட்கப்படுவது உரிமை ஆவணங்கள். அவை இல்லாவிட்டால் எடுத்து முடித்த படம் அலமாரியிலேயே கிடக்கும்.

1. முதலில் ஆசிரியர் இறந்த ஆண்டைத் தேடுங்கள்

இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும், செலவும் இல்லை. பிரிட்டனில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். இந்தியாவில் ஆயுளும் 60 ஆண்டுகளும். இரண்டு இடங்களிலும் இறந்த ஆண்டின் டிசம்பர் கடைசியிலிருந்துதான் இந்த ஆண்டுகளை எண்ண வேண்டும்.

‘சார்லிஸ் ஆன்ட்’ நாடகத்தை எழுதிய பிராண்டன் தாமஸ் 1914-இல் காலமானார். ‘தி மாஜிஸ்ட்ரேட்’ எழுதிய பினெரோ 1934-இல். இவர்களின் மூல நாடகங்களுக்குப் பிரிட்டனிலும் இந்தியாவிலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1920-களில் லண்டன் ஆல்ட்விச் அரங்கைக் கலகலக்க வைத்த பென் டிராவர்ஸ் 1980 வரை வாழ்ந்தார். அவருடைய நாடகம் நூறு வயதைத் தொட்டிருந்தாலும், உரிமை இந்தியாவில் 2040 வரைக்கும் பிரிட்டனில் 2050 வரைக்கும் உயிரோடு இருக்கும். நாடகம் பழசு, அதனால் பொதுச்சொத்து என்ற நினைப்பில் விழுபவர்கள்தான் அதிகம்.

இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு. ‘நோ செக்ஸ் ப்ளீஸ், வீ ஆர் பிரிட்டிஷ்’ நாடகத்தை எழுதிய இருவரில் அலிஸ்டர் ஃபுட், நாடகம் லண்டனில் மேடையேறிய 1971-லேயே இறந்துவிட்டார். ஆனால் ஆந்தனி மாரியட் 2014 வரை இருந்தார். எனவே பிரிட்டனில் அந்த உரிமை 2084 முடியும் வரை ஓடும்.

இந்தியாவின் 60 ஆண்டுக்கும் பிரிட்டனின் 70 ஆண்டுக்கும் இடையிலுள்ள பத்தாண்டு இடைவெளி பெரிய பள்ளம். வெர்னன் சில்வெய்ன் 1957-இல் மறைந்தார். ‘ஒன் வைல்ட் ஓட்’, ‘வில் எனி ஜென்டில்மேன்?’ இரண்டும் அவர் எழுதியவை. 1951-லும் 1953-லும் படங்களாக வந்தன. இந்தியக் கணக்கில் அவருடைய உரிமை 2017-உடன் முடிந்துவிட்டது. பிரிட்டனில் 2027 முடியும் வரை உண்டு. சென்னையில் தடையின்றி எடுக்கலாம். அதற்குள் லண்டன் திரையரங்கில் வெளியிட்டால் அனுமதி வேண்டும். இலங்கை, சிங்கப்பூர் இரண்டிலும் 70 ஆண்டுதான், மலேசியாவில் 50. அமெரிக்காவில் கணக்கே வேறு: பழைய நூல்களுக்கு நூல் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் எண்ணுகிறார்கள். தமிழ்ப் படத்தின் வருமானத்தில் வெளிநாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், நீங்கள் வெளியிட நினைக்கும் ஒவ்வொரு நாட்டையும் ஒரு தாளில் எழுதி, எதிரே முடிவு ஆண்டைக் குறித்துவிடுங்கள்.

2. பெயரை நம்பித் தேடாதீர்கள்

தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் ஒரே பெயர் பலவற்றுக்கு இருக்கும். பிலிப் கிங் எழுதிய ‘ஸீ ஹௌ தே ரன்’ 1955-இல் படமானது. 2022-இல் அதே பெயரில் வந்த கொலைத்துப்பறியும் படத்துக்கும் அந்த நாடகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதன் மறுபுறமும் உண்டு. ரே கூனியின் ‘சேஸ் மீ, காம்ரேட்’ 1976-இல் ‘நாட் நௌ, காம்ரேட்’ என்ற பெயரில் படமாக வந்தது. பினெரோவின் ‘தி மாஜிஸ்ட்ரேட்’ 1934-இல் ‘தோஸ் வேர் த டேஸ்’ ஆயிற்று. டிராவர்ஸின் ‘எ குக்கூ இன் த நெஸ்ட்’ 1933-இல் அதே பெயரிலும், 1954-இல் ‘ஃபாஸ்ட் அண்ட் லூஸ்’ என்றும் இரண்டு முறை எடுக்கப்பட்டது. எனவே எப்போதும் ஆசிரியரின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பிரிட்டிஷ் மேடையில் ஓடியதெல்லாம் பிரிட்டிஷ் நாடகமும் அல்ல. ‘போயிங் போயிங்’ மூலம் பிரெஞ்சு. எழுதியவர் மார்க் காமொலெட்டி. லண்டனில் ஓடியது பெவர்லி கிராஸின் ஆங்கில வடிவம். அப்படிப்பட்ட நாடகத்துக்கு மூல ஆசிரியர், மொழியாக்கம் செய்தவர் என இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும்.

3. நாடகமும் படமும் இரண்டு சொத்துகள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். நீங்கள் யூடியூபிலோ தொலைக்காட்சியிலோ பார்த்து ரசித்தது படம். உரிமை வாங்கப் போவது நாடகத்துக்கு. படத்தில் மட்டும் இருக்கும் காட்சி, வசனம், பாத்திரம், முடிவு எல்லாம் படத் தயாரிப்பாளரின் சொத்து. நாடகத்துக்கு உரிமை வாங்கிவிட்டு, படத்தில் மட்டும் வரும் காட்சியை வைத்துவிட்டால் பத்திரம் கையில் இருந்தும் வழக்கு வரும்.

மைக்கேல் ஃப்ரேனின் ‘நாய்ஸஸ் ஆஃப்’ இதற்கு நல்ல உதாரணம். ஒரு நாடகக் குழு ஒரே முதல் அங்கத்தை மூன்று முறை நடிப்பதுதான் கதை: ஒத்திகையில் ஒருமுறை, மேடையின் பின்புறத்திலிருந்து ஒருமுறை, எல்லாம் நொறுங்கிப்போன நிலையில் கடைசியாக ஒருமுறை. 1982-இல் வந்த நாடகத்தில் குழு வெஸ்டன்-சூப்பர்-மேர், ஆஷ்டன்-அண்டர்-லைன், ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்று இங்கிலாந்தின் சிற்றூர்களில் சுற்றும். பீட்டர் போக்டனோவிச் இயக்கிய 1992 படத்தில் குழு அமெரிக்காவில் சுற்றுகிறது. பிராட்வே அரங்கேற்ற நாளில் தவிக்கும் இயக்குநரின் கண் வழியாகக் கதை சொல்லப்படுகிறது. இந்தக் கதைசொல்லும் சட்டகம் நாடகத்தில் இல்லை. ‘இயக்குநர் குரலில் ஆரம்பிக்கலாம்’ என்று உங்கள் உதவி இயக்குநர் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியது இது. நாடகத்தை அச்சில் படித்து, காட்சி வாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு படத்தைப் பார்த்து இன்னொரு பட்டியல். படத்தில் மட்டும் இருப்பவற்றைச் சிவப்பு மையால் அடியுங்கள். திரைக்கதை எழுதுபவரின் மேசையில் நாடகப் பட்டியல் மட்டும் இருக்கட்டும். தேதியும் கையெழுத்தும் போட்டு வைத்தால், பின்னால் கேள்வி எழும்போது இதுவே உங்கள் சாட்சி.

சில நாடகங்களுக்கு மூன்றாவது அடுக்கும் உண்டு. டிராவர்ஸின் ‘ரூக்கரி நுக்’ 1923-இல் நாவலாக வந்து, 1926-இல் நாடகமாகி, 1930-இல் படமானது. நாவல், நாடகம் இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக் கேளுங்கள்.

4. சரியான அச்சுப் பிரதியை வாங்குங்கள்

பிரிட்டனில் மேடைக்கென்றே தனி அச்சுப் பிரதிகள் உண்டு. சாமுவேல் ஃப்ரெஞ்ச் பதிப்பகம் (இப்போது கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் வசம்) வெளியிட்ட மெல்லிய புத்தகங்கள் பிரபலமானவை. புதிய பிரதி சுமார் 10 முதல் 15 பவுண்டுக்குள் கிடைக்கும். பழைய புத்தகக் கடையில் இன்னும் குறையும். அவற்றின் கடைசிப் பக்கங்களைத் தவறாமல் பாருங்கள். அரங்கின் தரைப்படம், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த அங்கத்தில் எந்தப் பொருள் யார் கையில் இருக்க வேண்டும் என்ற பட்டியல், விளக்கு அணைந்து எரியும் வரிசை எல்லாம் இருக்கும். ஃபார்ஸ் எப்படி இயங்குகிறது என்பதை வசனத்தைவிட அந்தப் பொருள் பட்டியல் தெளிவாகக் காட்டும். முதல் அங்கத்தில் மேசைமேல் வைத்த கோப்பை மூன்றாம் அங்கத்தில் யார் தலையில் விழுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

எந்த ஆண்டுப் பதிப்பு என்றும் பாருங்கள். ‘நாய்ஸஸ் ஆஃப்’ நாடகத்தை ஃப்ரேன் பிற்பாடு திருத்தி எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தில் எந்தப் பதிப்பு என்று ஆண்டோடு குறிப்பிட வேண்டும்.

அச்சில் கிடைக்காத நாடகம் என்றால் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரி கைகொடுக்கும். 1968 வரை லண்டன் மேடையேறும் நாடகங்களை லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1824 முதல் அப்படிக் கொடுத்த பிரதிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. வாசகர் அட்டைக்குக் கட்டணமில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அசலாக வேண்டும். கையெழுத்துப் பிரதிகள் அன்றே கைக்கு வரும் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். படங்கள் பற்றிய பழைய விளம்பர ஏடுகளுக்கும் பத்திரிகைச் செய்திகளுக்கும் லண்டனில் பி.எஃப்.ஐ. (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) சவுத்பேங்கிலுள்ள ரூபன் நூலகம் உண்டு. அதுவும் இலவசம்.

5. யாரிடம் கேட்பது

பிரிட்டனில் பதிப்புரிமைக்குப் பதிவேடு கிடையாது. வீட்டுமனை வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய விற்பனைப் பத்திரம் வரை நாம் வரிசையாகப் பார்ப்பதுபோல, இங்கேயும் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்து ஆவணம் வேண்டும். கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை மாற்றம் அங்கே செல்லாது.

தேடும் வரிசை இதுதான்: முதலில் அச்சுப் பிரதியின் உரிமைப் பக்கம். அதில் நாடகம் போட அனுமதி தருபவரின் பெயரும், பெரும்பாலும் ஆசிரியரின் முகவர் பெயரும் இருக்கும். மேடை அனுமதி தரும் நிறுவனம் பட உரிமை தராது. அவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது புதியவர்களின் வழக்கமான தடுமாற்றம். பட உரிமையை முகவரிடமே கேளுங்கள். முகவர் நிறுவனம் மூடப்பட்டிருந்தால், ரெடிங் பல்கலைக்கழகமும் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையமும் சேர்ந்து நடத்தும் ‘வாட்ச்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் வாரிசுகளின் தொடர்பைத் தேடலாம். லண்டன் சொசைட்டி ஆஃப் ஆதர்ஸ் என்ற எழுத்தாளர் சங்கம் பல எழுத்தாளர்களின் வாரிசுகள் சார்பில் செயல்படுகிறது. அதுவும் பலிக்காவிட்டால், பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஆசிரியரின் உயில் நகலைக் கட்டணம் செலுத்தி வாங்கலாம். உயிலில் எழுத்துரிமை யாருக்கு என்று தெரியும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்குப் பிரிட்டிஷ் அறிவுசார் சொத்து அலுவலகம் தனி உரிமம் தருகிறது. ஒரு படைப்புக்கு விண்ணப்பக் கட்டணம் 20 பவுண்டு, உரிமத் தொகை தனி. அந்த உரிமம் பிரிட்டனுக்குள் மட்டும், அதிகபட்சம் ஏழாண்டுக்குத்தான் செல்லும். தமிழ்ப் படத்துக்கு அதை மட்டும் நம்பிப் பயனில்லை.

6. பழைய பட ஒப்பந்தத்தைத் தோண்டுங்கள்

நாடகம் ஏற்கெனவே படமாகியிருந்தால், அந்தத் தயாரிப்பாளர் பட உரிமை முழுவதையும் நிரந்தரமாக வாங்கியிருக்கலாம். அப்படியானால் வாரிசுகளிடம் உங்களுக்குத் தர எதுவுமே இராது. பழைய பிரிட்டிஷ் படங்களில் பெரும் தொகுப்பு ஸ்டூடியோகனால் என்ற பட நிறுவனத்தின் வசமும், ராங்க் என்ற பழைய தயாரிப்பு நிறுவனத்தின் படங்கள் பல ஐ.டி.வி. தொலைக்காட்சி நிறுவனத்தின் வசமும் உள்ளன. அமெரிக்க நிறுவனம் வாங்கியிருந்தால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகப் பதிவுகளில் அந்த ஒப்பந்தம் இருக்க வாய்ப்புண்டு. 1978-க்குப் பிந்தையவற்றை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம்.

இங்கே ஒரு விதி நமக்குச் சாதகமாக உள்ளது. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் தன் வாழ்நாளில் 1957 ஜூன் 1-க்கு முன் எழுதிக்கொடுத்த உரிமை, அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து வாரிசுகளிடம் திரும்பும். டிராவர்ஸ் 1980-இல் இறந்தார். 1930-களில் அவர் கொடுத்த பட உரிமைகள் இந்த விதியின் கீழ் வருபவை என்றால் 2005-இல் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் 1957-க்குப் பின் மறுபடியும் எழுதிக் கொடுத்திருந்தால் கதை மாறிவிடும். இந்த இடத்தில் மட்டும் லண்டனில் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மணிக்கு 200 பவுண்டுக்குக் குறைந்து யாரும் கிடைக்க மாட்டார்கள். கேள்விகளை எழுதித் தொகுத்து, ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, மொத்தக் கட்டணத்தை முன்பே பேசிவிடுங்கள்.

7. கடிதம்

முகவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். நாடகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, எந்த மொழி, எந்தெந்த நாடுகள், திரையரங்கா, ஓ.டி.டி.யா, இரண்டுமா, தோராயச் செலவு, இயக்குநரின் முந்தைய வேலை, எத்தனை மாத ஆப்ஷன் (உரிமையை உங்களுக்காக நிறுத்திவைக்கும் ஏற்பாடு) வேண்டும். நாடகத்தைப் புகழ்ந்து நாலு பத்தி எழுத வேண்டாம். செலவுத் தொகையை மறைக்கவும் வேண்டாம். தொகை இல்லாத கடிதத்துக்குப் பதில் வருவது அரிது.

ஆகஸ்டிலும் டிசம்பர் பாதிக்குப் பிறகும் எழுதிப் பயனில்லை, லண்டனில் பாதி மேசைகள் காலியாக இருக்கும். செப்டம்பர் நடுவிலோ ஜனவரி கடைசியிலோ அனுப்புங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். முதல் பதிலுக்கு இரண்டு மூன்று மாதம், ஒப்பந்தம் முடிய மொத்தம் ஆறு மாதம் முதல் ஓராண்டு என்று திட்டமிடுங்கள். நடிகரின் கால்ஷீட்டை அதற்கு முன் வாங்காதீர்கள்.

8. ஆப்ஷனும் விலையும்

முழு விலை கொடுத்து உடனே வாங்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாருக்கும் விற்காமல் உங்களுக்காக நிறுத்திவைப்பதே ஆப்ஷன். வழக்கமான காலம் 12 முதல் 18 மாதம், ஒருமுறை நீட்டிக்கலாம். விலை பெரும்பாலும் படச் செலவில் 2 முதல் 3 சதவீதம். ஆப்ஷன் தொகை அந்த விலையில் 10 சதவீதம். 3 கோடி ரூபாய்ப் படத்துக்கு 2.5 சதவீதம் என்றால் விலை 7.5 லட்சம், ஆப்ஷன் 75,000 ரூபாய். ஆனால் முகவர்கள் குறைந்தபட்சத் தொகை ஒன்றைப் பவுண்டில் கேட்பார்கள்; பேரம் நடப்பது அந்த எண்ணில்தான். முதல் ஆப்ஷன் தொகை விலையில் கழிக்கப்படும். நீட்டிப்புத் தொகை கழிக்கப்படுமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

முழு விலையைச் செலுத்தி, எழுத்தில் அறிவிப்பு கொடுத்த பின்பே படப்பிடிப்பின் முதல் நாள். இந்த வரிசை மாறினால் ஒப்பந்தம் முறிந்ததாகிவிடும்.

9. பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

இந்தியச் சட்டப்படி, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிராதபோது, அது காலாவதியாகும். மூன்றையும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

‘தமிழ் மட்டும்’ என்று எழுதித் தந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். தெலுங்கு டப்பிங், சப்டைட்டில், இந்தி ரீமேக் என ஒவ்வொன்றையும் தனியே கேளுங்கள். ரீமேக்கைத் தராவிட்டாலும், வேறொருவருக்குக் கொடுக்கும் முன் உங்களிடம் பேச வேண்டும் என்ற வரியாவது இருக்கட்டும்.

கதையை மதுரைக்கோ கோவைக்கோ மாற்றப் போகிறீர்கள். பாத்திரங்களின் பெயரும் உறவும் மாறும். ஆசிரியரின் படைப்பைச் சிதைத்ததாக வாரிசுகள் பின்னால் புகார் சொல்லும் உரிமை பிரிட்டனில் பதிப்புரிமை இருக்கும்வரை உண்டு. மாற்றங்களுக்கு ஒப்புதலும், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் எழுத்தும் இரண்டும் தேவை. நாடகம் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் படம் எந்தத் தேதிக்கு முன் வெளிவரக்கூடாது என்ற நிபந்தனையும் உள்ளே இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

10. பணம் அனுப்புவதும் தாள்களும்

வெளிநாட்டுக்கு ராயல்டி அனுப்பும்போது இங்கேயே வரி பிடிக்க வேண்டும். இந்தியா-பிரிட்டன் இரட்டை வரி ஒப்பந்தப்படி அது 15 சதவீதம்; உள்நாட்டு விகிதம் அதைவிட அதிகம். குறைந்த விகிதம் வேண்டுமென்றால் வாரிசுதாரரோ முகவரோ பிரிட்டிஷ் வரித்துறையிடமிருந்து வசிப்பிடச் சான்று வாங்கித் தர வேண்டும். அது வர வாரங்கள் ஆகும், எனவே விலை பேசும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். பேசிய தொகை வரிக்கு முன்பா, வரிக்குப் பின்பா என்பதும் அன்றே முடிவாகட்டும். ‘முழுத் தொகையும் எங்கள் கைக்கு வரவேண்டும்’ என்று அவர்கள் எழுதியிருந்தால் வரி உங்கள் தலையில் விழும். வங்கிக்கு ஆடிட்டர் சான்று, ஒப்பந்த நகல், இன்வாய்ஸ் வேண்டும். லண்டனில் கையெழுத்தான பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள்.

பத்திரத்தின் அசல், உயில் நகல், முகவரின் மின்னஞ்சல்கள், வழக்கறிஞரின் கருத்து, காட்சிப் பட்டியல்கள், பணம் செலுத்திய ரசீது அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஓ.டி.டி. தளமும் காப்பீட்டு நிறுவனமும் கேட்பது இந்தக் கோப்பைத்தான்.

கடைசியாக டைட்டில் கார்டு. ஆசிரியரின் பெயர் எந்த அளவில், எந்த இடத்தில், போஸ்டரில் வருமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். தமிழில் எழுதும் பெயரின் உச்சரிப்பையும் சேர்த்து முகவருக்கு முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். படம் தணிக்கைக்குப் போவதற்கு முன் அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.